கார்டு பர்ஸில் இருக்கிறது, பணம் போய்விட்டது: பொறுப்பு யாருடையது?

8 செப்டம்பர் 2024, காலை 9.40 – கேள்வி, குடியாத்தத்தில் இருந்து

அண்ணா, வெள்ளிக்கிழமை இரவு 11.20க்கு மேல் அப்பாவின் டெபிட் கார்டில் இருந்து நான்கு முறை பணம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் 9,612 ரூபாய், மொத்தம் 38,448. தறிக்குப் பாவு நூல் வாங்க வைத்திருந்த பணம். கார்டு அப்பாவின் பர்ஸில்தான் இருக்கிறது. ஓடிபி வரவில்லை, யாரும் போன் செய்து எதையும் கேட்கவும் இல்லை. நேற்று விநாயகர் சதுர்த்தி, பூசை வேலையில் யாரும் போனை எடுத்துப் பார்க்கவில்லை, ராத்திரிதான் மெசேஜ் கண்ணில் பட்டது. இன்று ஞாயிறு, நாளைக்குத்தான் பேங்க். மூன்று நாளுக்குள் சொல்லாவிட்டால் ஒரு பைசா திரும்பாது என்கிறார்கள் தெருவில். வெள்ளி, சனி, ஞாயிறு என்று பார்த்தால் இன்றோடு முடிந்துவிடுகிறதே?

8 செப்டம்பர், காலை 10.05

தம்பி, முடியவில்லை. ஆனால் நாளை வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படித்ததும் கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பருக்குப் போன் போடுங்கள். இந்த மாதிரிப் புகாரை வாங்க 24 மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, ஞாயிறும் அதில் அடக்கம். முதலில் கார்டை பிளாக் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் "இந்த நான்கும் நாங்கள் செய்தது இல்லை" என்று புகாராகப் பதியச் சொல்லி, புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பிளாக் செய்வது வேறு, புகார் வேறு. பிளாக் செய்துவிட்டு "ஆச்சு சார்" என்று வைத்துவிடுவார்கள்.

பேசிய நேரத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது முடிந்ததும் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

8 செப்டம்பர், காலை 11.30

அவசரத்தில் எழுதியதால் நாள் கணக்கைச் சொல்லாமல் விட்டேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று போட்ட சுற்றறிக்கைதான் இதற்கு அடிப்படை. அதில் இருப்பது மூன்று வேலைநாள். உங்கள் கணக்கு இருக்கும் பிராஞ்சின் வேலைநாள். வங்கியிடம் இருந்து மெசேஜ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மெசேஜ் வந்தது வெள்ளி இரவு, அது சேராது. சனி விநாயகர் சதுர்த்தி விடுமுறை, ஞாயிறு விடுமுறை. ஆக நாளை திங்கள்தான் முதல் நாள், 11ஆம் தேதி புதன் மூன்றாம் நாள். இன்றே சொல்லிவிட்டால் கணக்கு ஆரம்பிப்பதற்கு முன்பே சொன்ன மாதிரி.

தப்பு வங்கி பக்கமும் இல்லை, வாடிக்கையாளர் பக்கமும் இல்லை, நடுவில் எங்கேயோ ஓட்டை என்றால், மூன்று வேலைநாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் பூஜ்யம். நான்காவது நாளில் இருந்து ஏழாவது நாள் வரை சொன்னால் ஒரு வரம்பு உண்டு, சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய் வரை நம் தலையில். ஏழுக்கு மேல் போனால் அந்தந்த வங்கியின் நிர்வாகக் குழு வைத்திருக்கும் கொள்கைப்படி, அதாவது அவர்கள் கையில்.

8 செப்டம்பர், இரவு 8.15

மேலே ஒரு தவறு, திருத்துகிறேன். 5,000 என்பது அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு, அதாவது மினிமம் பேலன்ஸ் இல்லாத கணக்குக்கு மட்டும். சாதாரண சேமிப்புக் கணக்கென்றால் 10,000. 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் 10,000தான், அதற்கு மேல் லிமிட் இருந்தால் 25,000.

இன்னொன்றை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன், யோசித்ததும் சோறு இறங்கவில்லை. இந்த 10,000 மொத்தத்துக்கு இல்லை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும். போன தொகை, இந்த வரம்பு, இரண்டில் எது குறைவோ அது நம் பொறுப்பு. உங்கள் அப்பாவுக்குப் போனது நான்கு தடவை 9,612. நான்குமே 10,000க்குள். ஆகவே நான்காவது நாள் சொல்லியிருந்தால் வரம்பு இருந்தும் பிரயோசனம் இல்லை, 38,448 முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். புதன் மாலைக்கும் வியாழன் காலைக்கும் இடையில் ஒரு பாவு நூல் முழுசாக நிற்கிறது. ஒரே தடவையாக 38,448 போயிருந்தால் அதே வியாழக்கிழமை 10,000தான் நஷ்டம். திருடுகிறவன் சின்னச் சின்னதாக எடுத்தால் நமக்குத்தான் கூடுதல் அடி. இது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் விதி அப்படித்தான் எழுதியிருக்கிறது, அதனால் அந்த மூன்று நாளைத் தவறவிடவே கூடாது.

9 செப்டம்பர், காலை 7.00

நேற்று 10.40க்குப் புகார் எண் வாங்கிவிட்டதாகச் சொன்னீர்கள், நல்லது. இருந்தாலும் இன்று பிராஞ்சுக்குப் போங்கள், அப்பாவையும் அழைத்துக்கொண்டு. கடிதம் இரண்டு பிரதி. ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், மற்றதில் சீல், தேதி, கையெழுத்து. "பாரம் மட்டும் கொடுங்கள், கடிதம் வேண்டாம்" என்றால் பாரத்தையும் கொடுத்துவிட்டு, கடிதத்திலும் சீல் கேளுங்கள். சீல் போட மறுத்தால் அங்கேயே நின்று பிராஞ்சின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். 2018. அப்போது நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ அப்பர் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், வீடு சத்துவாச்சாரி. ஒரு நாள் காலை பஸ்ஸில் போகும்போது இரண்டு மெசேஜ், 10,000 ரூபாய் இரண்டு தடவை, நான் வாழ்நாளில் மிதிக்காத ஒரு வடநாட்டு ஊரின் ஏடிஎம்மில். அப்போது என்னிடம் இருந்தது சிப் இல்லாத பழைய காந்தப்பட்டை கார்டு. எங்கேயோ தேய்த்த இடத்தில் பட்டையை நகல் எடுத்துவிட்டார்கள். மறுநாளே பிராஞ்சுக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர், உடனே கார்டை பிளாக் செய்தார், "ஹெட் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் போங்கள்" என்றார். நானும் நம்பி வந்துவிட்டேன். எழுதிக் கொடுக்கவில்லை, எண் வாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டால் அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுப் புகாரே இல்லை என்றார். அன்றுதான் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: தாமதமாகத் தெரிவித்ததால் ஏற்க இயலாது. 20,000 ரூபாய் அன்று எனக்கு ஒன்றரை மாதச் சம்பளம்.

அதற்குள் போனை மாற்றியிருந்தேன். பழைய பட்டன் போன் மேசை டிராயரில் பேட்டரி உப்பிப் போய்க் கிடந்தது. என் மனைவிதான் "அதில் ஏதாவது இருக்குமே, பாருங்கள்" என்றாள். லாங்கு பஜாரில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டுத் திறந்தால், இன்பாக்ஸில் அது இருக்கிறது: உங்கள் கார்டு பிளாக் செய்யப்பட்டது, தேதி, நேரம் காலை 11.42. அவர்களே அனுப்பிய மெசேஜ். நான் போய்ச் சொல்லாமல் அவர்கள் ஏன் பிளாக் செய்வார்கள்? திரையைப் போட்டோ எடுத்து, அன்று நான் வேலூரில்தான் இருந்தேன் என்பதற்குக் கம்பெனி வருகைப் பதிவேட்டின் நகலையும் வைத்து, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும், சென்னையில் இருந்த வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்புட்ஸ்மேன்) அனுப்பினேன். பணம் வந்தது. அந்த ஒரு வரி மெசேஜ் இல்லாவிட்டால் வந்திருக்காது.

ஆகவே வங்கியிடம் இருந்து வரும் எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

10 செப்டம்பர், மாலை 6.50

மேனேஜர் "ஓடிபி இல்லாமல் போகாது, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கொடுத்திருப்பார்கள்" என்றாராம். அப்பா அங்கேயே கேட்டாராம், "கார்டு என் பர்ஸுலயே கீதுங்க, அது எப்படி வெளிநாடு போச்சு?" மேனேஜரின் வாதத்தைவிட அப்பாவின் கேள்விதான் சரியான கேள்வி.

ஓடிபி இல்லாமல் போகும். நம் நாட்டு வணிகத் தளங்களில்தான் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டுத் தளத்தில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், இவை போதும். உங்கள் மெசேஜில் இருக்கும் கடைப் பெயரைப் பார்த்தால் இது அந்த வகைதான்.

அடுத்து இதைவிட முக்கியம். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் இன்னொரு உத்தரவு போட்டு, அந்த அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, மெஷினில் செருகாமல் அருகில் காட்டுவது, இவை மூன்றும் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும். பழைய கார்டாக இருந்தாலும் ஒருமுறைகூட அப்படிப் பயன்படுத்தாதது என்றால் அந்த வசதியை மூடிவிட வேண்டும். உங்கள் அப்பா கார்டை ஏடிஎம் தவிர எங்கேயும் போட்டதில்லை என்கிறீர்கள். அப்படியானால் வெளிநாட்டு ஆன்லைனை யார் திறந்தது? எந்தத் தேதி, எந்த வழியாக? இதை எழுத்தில் கேளுங்கள். அவர்களே மூடாமல் விட்டிருந்தால் அது வங்கியின் குறைபாடு, அப்போது மூன்று நாள் கணக்கே கிடையாது, நீங்கள் எப்போது சொல்லியிருந்தாலும் பொறுப்பு பூஜ்யம்.

"நீங்கள் கொடுத்திருப்பீர்கள்" என்று அவர்கள் சொன்னால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை வங்கியினுடையது என்று அந்த 2017 சுற்றறிக்கையே சொல்கிறது. கடிதத்தில் இந்த வரியைச் சேர்த்து, சுற்றறிக்கைத் தேதியையும் போடுங்கள். சண்டை போட வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம், தேதி போட்ட தாள் போதும்.

12 செப்டம்பர், இரவு 10.30

"அப்போ ஓடிபி கொடுத்தவன் கதி?" என்று மேல்விஷாரத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வியில் இருக்கும் கூச்சம் எனக்குப் புரிகிறது. என் அக்காவுக்கு நடந்ததை எழுதுகிறேன், அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா ஆற்காட்டில் இருக்கிறாள். 2022இல் அவள் போனுக்கு, கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஒரு மெசேஜ். அதில் இருந்த நம்பருக்கு அவளே போன் செய்தாள். மாமா ஊரில் இல்லை, வீட்டில் மாமியார் ஆஸ்துமாவோடு படுத்திருக்கிறார், ஃபேன் நின்றால் என்ன செய்வது என்ற பயம். அவன் சொன்ன ஆப்பை இறக்கி, 10 ரூபாய் கட்டச் சொன்னான் என்று கட்டி, வந்த எண்ணையும் படித்துக் காட்டியிருக்கிறாள். 4.12க்கு 24,000 போனது. மெசேஜைப் பார்த்ததும் எனக்குப் போன், அழுகை. நான் ஹெல்ப்லைன் எண்ணைக் கொடுத்தேன், 4.31க்கு பேசினாள், 4.36க்குப் புகார் எண் மெசேஜாக வந்தது. அவர்கள் புகாரைப் பதிந்தார்களே தவிர கணக்கை நிறுத்தவில்லை. 4.50க்கு இன்னொரு 15,000 போய்விட்டது.

வங்கி சொன்னது: ஓடிபி நீங்கள் கொடுத்தது, 39,000மும் உங்கள் பொறுப்பு. இங்கேதான் விதியை நன்றாகப் படிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றாலும், அவர் தெரிவிக்கும் வரை நடந்த நஷ்டம்தான் அவருடையது. தெரிவித்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியுடையது. 4.36க்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நேரங்களை வரிசையாக எழுதி மின்னஞ்சல் அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து 15,000 வந்தது. 24,000 வரவில்லை.

நான் இதில் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அக்காவைக் கவனக்குறைவு என்று சொல்லலாமா? அவள் வீட்டைக் கவனித்ததால்தான் பயந்தாள். ஆனால் அவள் செய்த நல்ல காரியம், வெட்கப்பட்டு மறைக்காமல் 19 நிமிடத்தில் சொன்னது. மாமா திட்டுவார் என்று அன்று ராத்திரி வரை பேசாமல் இருந்திருந்தால் மொத்தமும் போயிருக்கும். மேல்விஷாரத்து ஐயா, ஓடிபி கொடுத்திருந்தாலும் சொல்லுங்கள். கொடுத்ததை மறைத்தும் சொல்லாதீர்கள், பதிவில் எல்லாம் இருக்கும், ஒரு பொய் மாட்டினால் நம் மற்ற உண்மைகளும் நிற்காது.

13 செப்டம்பர், காலை

மேலே ஒன்று விட்டுப்போனது. அக்கா 1930க்கும் சொன்னாள், ஆனால் இரவு எட்டு மணிக்கு. அந்த எண்ணுக்குச் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அப்படியே முடக்கி வைக்கப் பார்ப்பார்கள். அவன் அதை எடுப்பதற்குள் முடக்கினால்தான் பலன், எட்டு மணிக்குள் கணக்கு காலி. வங்கிக்குச் சொன்ன கையோடு 1930க்குச் சொல்லியிருந்தால் அந்த 24,000இல் கொஞ்சமாவது நின்றிருக்கலாம் என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. 1930 காவல் துறை வழி, வங்கியின் பொறுப்பு வேறு வழி. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று இல்லை, இரண்டிலும் போக வேண்டும்.

15 செப்டம்பர்

ஒடுகத்தூர் பக்கம் ஒரு பாட்டிக்கு கைரேகையால் பணம் போனதாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் கார்டு, பின், ஓடிபி எதுவும் தேவையில்லாத முறை அது, நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் பென்ஷனும் எடுக்கும் கிராமங்களில் அதுதான் ஏடிஎம். ரேகையை நகல் எடுத்துத் திருடுகிறார்கள். பாட்டியின் புகாரும் இதே 2017 விதியில்தான் வரும், ரேகையை யாருக்கும் அவர் "சொல்லிக் கொடுக்க" முடியாது என்பதால் கவனக்குறைவு என்ற பேச்சுக்கே இடம் குறைவு. எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், பணம் எடுக்கப் போகும்போது திறந்துகொள்ளலாம். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளும் திறக்க வேண்டியிருக்கும், அதைப் பாட்டிக்குச் சொல்லிவிடுங்கள்.

பாட்டியின் கணக்கில் இருக்கும் போன் நம்பர் யாருடையது என்றும் பாருங்கள். செத்துப்போன சிம்முக்கு மெசேஜ் போய்க்கொண்டிருக்கும். பாஸ்புக் அச்சடித்தால்தான் திருட்டே தெரியும். நம்பர் பழையது என்றால் இன்றே மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கூட்டுறவு வங்கிக்கு இதெல்லாம் பொருந்தாது என்று அவரிடம் யாரோ சொன்னார்களாம். பொருந்தும். அவற்றுக்கு இதே மாதிரி சுற்றறிக்கை 2017 டிசம்பரிலும், போன் வாலெட்டுகளுக்கு 2019 ஜனவரியிலும் வந்துவிட்டது.

22 செப்டம்பர், மாலை

குடியாத்தம் தம்பி, பத்து வேலைநாள் நேற்றோடு முடிந்தது. நீங்கள் 8ஆம் தேதி சொன்னீர்கள். 9இல் இருந்து எண்ணி, இரண்டாம் சனியையும் ஞாயிறையும் 17ஆம் தேதி மிலாடி நபியையும் கழித்தால் 21 சனிக்கிழமை பத்தாம் நாள். தெரிவித்ததில் இருந்து பத்து வேலைநாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இன்சூரன்ஸ் கிளைம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வரவு பணம் போன தேதியிட்டே விழ வேண்டும், வட்டி நஷ்டம் வரக் கூடாது.

"விசாரணை நடக்கிறது" என்று மேனேஜர் சொல்வது பதில் இல்லை. விசாரணைக்கு 90 நாள் இருக்கிறது, இந்த வரவுக்குப் பத்து நாள்தான். இரண்டையும் குழப்பிச் சொல்வார்கள், தெரிந்தே குழப்புகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நாளைக் காலை புகார் எண்ணோடு மின்னஞ்சல் போடுங்கள், பிராஞ்சுக்கும், வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும்.

26 செப்டம்பர்

வந்துவிட்டது! 38,448, தேதி 6 செப்டம்பர். பாஸ்புக் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்பாவின் கட்டை விரல் ஓரத்தில் சாயம் ஒட்டியிருக்கிறது, அதற்குப் பக்கத்தில் அந்த வரி.

ஆனால் எடுக்க முடியவில்லை என்கிறீர்கள். ஆமாம், இது நிழல் வரவு, புகார் முடியும் வரை ஹோல்டு போட்டு வைத்திருக்கிறார்கள். சில வங்கிகள் அப்படித்தான் செய்கின்றன. நூலுக்குக் கடன் வாங்கியிருக்கிறீர்கள் என்பது தெரியும், தறி சும்மா நிற்பதன் கஷ்டமும் தெரியும். டிசம்பர் 7ஆம் தேதி 90 நாள். அதுவரை போன் செய்யாதீர்கள், எழுதுங்கள்.

19 அக்டோபர்

இரண்டு விஷயம் யோசித்தேன்.

ஒன்று, குறைதீர்ப்பாளரிடம் போக 90 நாள் ஆக வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இல்லை. வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலும், கொடுத்த பதில் திருப்தி இல்லை என்றாலும் போகலாம். 2021 நவம்பரில் இருந்து எல்லாவற்றுக்கும் ஒரே திட்டம், ஒரே இணையதளம். காகிதத்தில் அனுப்புகிறவர்கள் சண்டிகரில் இருக்கும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். நான் 2018இல் போனது பழைய திட்டம், அப்போது சென்னை அலுவலகத்துக்கே நேராக எழுதினேன். அந்த விலாசத்தைக் கேட்டவர்கள் இந்தப் புது வழியைப் பிடியுங்கள்.

இரண்டாவது, கணக்குத் தொடங்கும்போதே இந்தக் கொள்கையை வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டும், ஏற்கெனவே இருப்பவர்களுக்குத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. இந்த மாதம் வேலூரிலும் காட்பாடியிலும் நான்கு பிராஞ்சுக்கு வேறு வேலையாகப் போனேன், சுவரை எல்லாம் பார்த்தேன். தங்க நகைக் கடன் வட்டி பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த மூன்று நாள் விஷயம் எங்கேயும் என் கண்ணில் படவில்லை. பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் தமிழில் நாலு வரி அச்சடித்தால் போதும். ஊரில் இருந்து வைத்தியத்துக்கு வந்து மாதக் கணக்கில் லாட்ஜில் தங்கும் வங்காளத்துக்காரர்கள் காந்தி ரோட்டில் எத்தனை பேர், வீட்டை விற்ற பணத்தைக் கார்டில் வைத்துக்கொண்டு. அவர்களுக்கு இதை யார் சொல்வது?

12 டிசம்பர்

ஹோல்டு எடுத்தாகிவிட்டது, நேற்று. வங்கியின் பதில் இரண்டே வரி: வாடிக்கையாளருக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது. வெளிநாட்டு வசதியை யார் திறந்தது என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. தம்பி அதை விட்டுவிடலாம் என்கிறார், அவர் நிலைமையில் நானும் விட்டிருப்பேன். பணம் நியாயமாகத் திரும்பிவிட்டது. ஆனாலும் அந்தப் பதில் கிடைத்திருந்தால் அதே பிராஞ்சில் கார்டு வைத்திருக்கும் மற்ற நெசவாளர்களுக்குப் பிரயோசனப்பட்டிருக்கும்.

புதுக் கார்டு வாங்கியதும் அப்பா கவுன்டரில் நின்று ஏடிஎம் தவிர எல்லாவற்றையும் மூடச் சொல்லி, மூடியதைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். அதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

6 ஜனவரி 2025

உச்ச நீதிமன்றத்தில் 3ஆம் தேதி ஒரு உத்தரவு வந்திருக்கிறது. ஸ்டேட் வங்கிக்கு எதிராக அசாம் வாடிக்கையாளர் ஒருவர் போட்ட வழக்கு, தொகை 94,204 ரூபாய் 80 காசு. ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பப் பார்த்தபோது கஸ்டமர் கேர் என்று ஒருவன் பேசி ஆப்பை இறக்க வைத்திருக்கிறான், பணம் போய்விட்டது. அவர் 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டார். குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வங்கிதான் பொறுப்பு என்றது, உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

இதைப் படித்ததும் அக்காவின் 24,000 ஞாபகம் வந்தது. அன்று நான் அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டேனோ? அக்காவும் ஆப்பைத்தான் இறக்கினாள். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அந்த வழக்கில் வாடிக்கையாளரின் கவனக்குறைவு நிரூபிக்கப்படவில்லை, அக்கா ஓடிபியைப் படித்துக் காட்டியதை அவளே ஒத்துக்கொண்டாள். ஓடிபியை யாரிடமும் பகிராமல் வாடிக்கையாளரும் விழிப்பாக இருக்க வேண்டும் என்று அதே உத்தரவிலும் சொல்லியிருக்கிறது. ஆகவே செப்டம்பரில் எழுதியதை மாற்றவில்லை. ஆனால் "ஆப் இறக்கினாய், உன் தப்பு" என்று கவுன்டரில் ஒரே வார்த்தையில் முடித்தால் இனி யாரும் எழுந்து வந்துவிட வேண்டாம்.

28 ஜனவரி, இரவு 9.10

தம்பி, உங்கள் தெருவில் இன்னொருவருக்கு வெள்ளிக்கிழமை மாலை 14,000 போயிருக்கிறது, இன்றுதான் உங்களிடம் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளி 24 சேராது. 25 நான்காம் சனி, 26 ஞாயிறு. நேற்று முதல் நாள், இன்று இரண்டாம் நாள். நாளை தை அமாவாசை, ஆனால் வங்கி உண்டு, நாளைதான் மூன்றாம் நாள். தர்ப்பணம் கொடுத்துவிட்டு மதியம் போகிறேன் என்கிறாராம். அதை இப்போதே போன் போட்டுச் சொல்லி, எண் வாங்கிக்கொண்டு, பிறகு நிதானமாகப் போகட்டும். பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், அவருக்கு அந்த ஒன்று அழுத்து, இரண்டு அழுத்து எல்லாம் வராது. உங்கள் அப்பாவின் கடிதத்தில் பெயர், தொகை, தேதி மட்டும் மாற்றினால் போதும், மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும். எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.